ஆற்றங்கரையில் ஓர் அமானிதம்

 



பெருநாள் முடிந்ததும், பள்ளி விடுமுறையிலும் வெளியூர் உறவினர்கள் திருச்சிக்கு வருகிறார்கள். முக்கொம்பு, கல்லணை என்று அழைத்துச் செல்கிறோம். பிரியாணிச் சட்டியை இறக்கி வைப்பதற்குள் பிள்ளைகள் தண்ணீரில் நிற்கிறார்கள். "முழங்கால் அளவுதானே" என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

காவிரியும் கொள்ளிடமும் மேலே பார்த்தால் அமைதிதான். ஆனால் மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்து கிடக்கின்றன. ஓரடி முழங்கால் என்றால் அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும். மதகுகளின் அருகே சுழல் இருக்கும். பாசி படிந்த படி வழுக்கும். இங்கே ஒரு துளி மழை இல்லாவிட்டாலும், மேட்டூரில் திறந்த நீர் வந்து மட்டத்தை உயர்த்திவிடும். 1836-ல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்தின் 9 மதகுகளை 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளம் அடித்துச் சென்றதே! கல்லும் இரும்பும் நிற்காத இடத்தில் பிள்ளையின் கால் நிற்குமா?

தன் கையாலேயே தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (2:195). தடுப்பில்லாத மாடியில் இரவு உறங்குபவரை விட்டுப் பாதுகாப்பு நீங்கிவிடுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (அபூதாவூத்). கொந்தளிக்கும் கடலில் பயணம் செய்பவருக்கும் இதே எச்சரிக்கை உண்டு (அஹ்மத்). ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது (திர்மிதி).

"நீரில் மூழ்கியவர் ஷஹீத் ஆயிற்றே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், புகாரியில் வருகிறது. அது பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அல்லாஹ் தரும் ஆறுதல். கரையில் நிற்பவர் அலட்சியமாக இறங்குவதற்கான அனுமதி அல்ல.

சகோதரர்களே! விருந்தாளி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆறு அவருக்குப் புதிது, நமக்குத் தெரியும். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதே ஈமானின் ஒரு கிளை (முஸ்லிம்) என்றால், "அங்கே பள்ளம் இருக்கிறது, இறங்காதீர்கள்" என்று சொல்வது எவ்வளவு பெரிய நன்மை! ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறைக்கு வரும் பிறமதச் சகோதரரானாலும் சொல்லுங்கள். ஓர் உயிரைக் காப்பது மனித குலம் முழுவதையும் காப்பதற்குச் சமம் என்ற வசனத்தில் (5:32) யாருக்கும் விலக்கு இல்லை.

ஒளூ செய்ய வேண்டுமா? ஆற்றில் இறங்காமல் குவளையில் மொண்டு செய்யுங்கள். பிள்ளைகளைக் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். எச்சரிக்கைப் பலகையை மதியுங்கள். யாராவது மூழ்கினால் நீச்சல் தெரியாமல் குதிக்காதீர்கள். ஒரு ஜனாஸா இரண்டாகிவிடும். கயிறோ, வேட்டியோ, துப்பட்டாவோ வீசுங்கள்; கூக்குரலிடுங்கள்; 112-ஐ அழையுங்கள்.

யா அல்லாஹ்! நீரில் மூழ்கி மறைந்தவர்களுக்கு ஷஹீதுடைய அந்தஸ்தையும், அவர்களின் பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளையும் விருந்தாளிகளையும் பாதுகாப்பாயாக! ஆமீன்.