மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்

1920ஆம் ஆண்டில் பாரதியார் ஒரு வியாபாரத் திட்டம் போட்டார். அதுவரை எழுதியதை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது; அதற்கு வேண்டிய முதலை நண்பர்களிடம் வட்டிக்குக் கடனாகத் திரட்டுவது. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைக் காட்டிலும் வேகமாகத் தம் புத்தகங்கள் விற்றுப்போகும் என்று நண்பர்களுக்கு அனுப்பிய கடிதத்தில் உறுதி சொன்னார். பணம் திரளவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்துபோனார்.

இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்று உச்சுக்கொட்டுவார்கள், இல்லையென்றால் கவிஞருக்குக் கணக்கு வராது என்று சிரிப்பார்கள். எனக்கு அதில் தெரிவது நல்ல வியாபார மூளை. முந்தைய ஆண்டுதான் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு உதவி கேட்டுச் சீட்டுக்கவி எழுதி அனுப்பிப் பார்த்திருந்தார், பலன் இல்லை. பெரிய கை ஒன்று மூடிக்கொண்டதும் லட்சம் சின்னக் கைகளின் பக்கம் திரும்பினார். பட்டோ பொன்னோ அவர் நினைவுக்கு வரவில்லை பாருங்கள். குடிசையிலும் மாளிகையிலும் ஒரே மாதிரி தீர்ந்துபோகிற, தீர்ந்தால் மறுபடி வாங்கியே ஆகவேண்டிய பண்டங்களைப் பொறுக்கி எடுத்துச் சொன்னார்.

கணக்கும் பெரிதாகத் தப்பவில்லை. அவர் போன பிறகு பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு நகை வியாபாரியிடம் போனது. அவரிடமிருந்து ஏவி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாட்டு ஊரெங்கும் ஒலித்தது. 1949இல் சென்னை அரசு உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள, பிறகு அது எல்லாருக்கும் பொதுவானது. புத்தகமாகப் போட நூறு ரூபாய் கடன் பெயராத எழுத்து, பாட்டானதும் நகை வியாபாரி முதல் போடுகிற சரக்காகிவிட்டது.

எழுதிச் சம்பாதிப்பது எப்படி என்று இன்று இணையத்தில் வலைப்பூ வைத்திருப்பவர் கேட்டால், உடனே ஒரு பட்டியலை நீட்டுவார்கள். விளம்பரம் போடுங்கள், பொருளைப் பரிந்துரைத்துக் கமிஷன் வாங்குங்கள், ஒரு நிறுவனத்திடம் பணம் பெற்று அதைப் பற்றி எழுதுங்கள், சந்தா வையுங்கள், சொந்தப் புத்தகம் விற்றுப் பாருங்கள். ஏதோ புது யுகத்தின் கண்டுபிடிப்புகள் போலப் பேசப்படுகிற இவற்றில் பெரும்பாலானவை தமிழில் எழுதிப் பிழைக்க முயன்றவர்களுக்கு முன்பே பழகியவை.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஊர்ப் பெரியவர்கள் வருவார்கள்: எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரு தலபுராணம் வேண்டும். அவர் பாடுவார், அரங்கேற்றம் நடக்கும், பரிசு வரும். கேட்டவர் செலவில் கேட்டவரின் ஊரைப் புகழ்வது என்ற அளவில், இன்றைய காசு வாங்கிய பதிவின் பாட்டன் அது. புலமையில் அவருக்கு நிகராகச் சொல்ல அந்த நூற்றாண்டில் அதிகம் பேர் இல்லை. ஆனாலும் கடைசிவரை அவருக்குப் பணமுடை இருந்ததை அவருடைய மாணவர் உ.வே. சாமிநாதையர் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த மாணவர் வேறு வழிக்குப் போனார். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது அவர் நம்பியது கையொப்பங்களை. புத்தகம் வருமுன்பே, வந்தால் எனக்கு இத்தனை பிரதி என்று எழுதிக் கையொப்பம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தத் துணிச்சலில் காகிதம் வாங்கி அச்சகத்துக்குப் போவது. அந்தக் காலப் பதிப்பாசிரியர்கள் பலருக்கும் இதுதான் ஊன்றுகோல். ஜமீன்தார்கள், வக்கீல்கள், உபாத்தியாயர்கள், அரசு உத்தியோகஸ்தர்கள் என்று பல தரத்தாரிடமும் அலைய வேண்டியிருக்கும். அலைச்சல்தான், ஆனால் ஓர் ஆதாயம் உண்டு. சைவ மடத்தில் படித்து வந்த ஒருவர் சமண காவியத்தைப் பதிப்பிக்கலாமா என்று முணுமுணுத்தவர்கள் அப்போது இருந்தார்கள். முதல் முழுவதும் ஒரே ஒருவருடையதாக இருந்து, அவருக்கும் அந்த முணுமுணுப்பு வந்திருந்தால் சிந்தாமணி அங்கேயே நின்றிருக்கும். பல கைகளில் சிதறிக் கிடந்த பணத்துக்கு வேண்டாம் என்று சொல்கிற ஒற்றை வாய் கிடையாது.

அடுத்து வந்தது விளம்பரம். எஸ்.எஸ். வாசன் 1928இல் ஆனந்த விகடனை வாங்குமுன் விளம்பரத் தொழிலில் இருந்தவர். நகைச்சுவையும் கதையும் ஒரு பக்கம், பரிசு வைத்த குறுக்கெழுத்துப் போட்டி இன்னொரு பக்கம் என்று வாசகர்களைச் சேர்த்தார். ஆட்கள் சேர்ந்த இடத்துக்கு விளம்பரம் தானாக வரும். இலக்கியவாதிகள் இதைப் பார்த்து முகம் சுளித்தது உண்டு. ஆனால் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது அதே விகடனில்தான். குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பப் பத்திரிகை வாங்கிய வீட்டில், ஏடு தேடி அலைந்த ஒருவரின் வாழ்க்கையும் வாராவாரம் போய் இறங்கியது. விளம்பரத்தைத் தீண்டத்தகாதது என்று ஒதுக்க எனக்கு மனம் வராததற்கு இது ஒரு காரணம். (முதல் எங்கிருந்து வரும் என்று யாரால் சொல்ல முடியும்? விகடனிலிருந்து விலகிய கல்கி 1941இல் தம் பெயரிலேயே பத்திரிகை தொடங்கியபோது, ‘சாவித்திரி’ படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதர் வேடம் போட்டு ஈட்டிய பணம் அதற்கு உதவியது.)

இணையத்துக்கு வருவோம். யார் வேண்டுமானாலும் தன் பக்கத்தில் விளம்பரம் வைத்துக்கொள்ள வழிசெய்யும் ஆட்சென்ஸை கூகுள் தொடங்கியது 2003இல். தமிழ்ப் பக்கங்களுக்கு அது முறையாகத் திறந்தது 2018இல். இடைப்பட்ட காலம் முழுக்கத் தமிழில் எழுதியவர்களுக்குப் பாராட்டும் சண்டையும்தான் வருமானம். சமையல் குறிப்பு, சினிமா, ஊர் நினைவு, சாதிச் சண்டை, கவிதை என்று கொட்டித் தீர்த்தார்கள். அதில் கணிசமானது குப்பை. ஆனால் எதை எழுதினால் எவ்வளவு என்ற எண் அந்தக் குப்பையிலும் ஒட்டியிருக்கவில்லை.

கதவு திறந்ததும் எண் வந்தது. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் நொடியில் அந்த இடத்துக்கு ஏலம் நடக்கிறது. வீட்டுக்கடன், காப்பீடு போன்ற விளம்பரங்கள் அதிக விலை கேட்கும். அமெரிக்காவிலிருந்து படிக்கிறவருக்கு மதுரையிலிருந்து படிக்கிறவரைவிட விலை கூடுதல். கணக்கில் 100 டாலர் சேரும்வரை பணம் கைக்கு வராது. பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றி ஒருவர் ஆசையாக எழுதுகிறார், சில்லறை வருகிறது. அவரே சும்மா ஒரு நாள் கிரெடிட் கார்டைப் பற்றி எழுதுகிறார். தொகை பல மடங்கு. கொள்ளுக்குடிப்பட்டியை விட்டுவிடு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. திரையில் ஒரு எண் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அவர் பக்கத்தில் பறவை இருக்காது. ஜமீன்தாரோடு சண்டையாவது போடலாம், கோபித்துக்கொண்டு வெளியேறலாம். இந்த எண்ணுக்கு முகமே இல்லை.

இவ்வளவையும் அடுக்கிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. எந்த வழியில் வந்தாலும் காசு கடைசியில் வாசகருடையது. விளம்பரச் செலவு சோப்பின் விலையில் இருக்கிறது, அந்தச் சோப்பை வாங்குவது பத்திரிகை படிப்பவர்தான். கமிஷன் பொருளின் விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஜமீன்தார் அள்ளிக் கொடுத்ததுகூடக் குடியானவரின் நிலவரியாக வந்த பணம். சுற்றுவழி நீள நீள, கொடுத்தவரை எழுதுபவர் மறந்துபோகிறார்; நடுவில் நின்று எடுத்துக் கொடுப்பவருக்கு நன்றி சொல்லத் தொடங்குகிறார். தன்னை ஒருவர் நம்பிப் படிக்கிறார் என்ற ஒன்றைத் தவிர விற்பதற்கு எழுதுபவரிடம் வேறு சரக்கு இல்லை. நடுவில் நிற்பவர் விலை பேசுவது அதற்குத்தான்.

இந்தப் பேரத்துக்கே வராமல் இருந்தவர்கள் உண்டு. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தினார். தி. ஜானகிராமனுக்கு வானொலிச் சம்பளம் இருந்தது. அசோகமித்திரன் அதே வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். எழுத்துக்கு எழுத்து சோறு போடவில்லை, வேறொன்று போட்டது. அதற்கு விலை நேரம், அந்த விலையும் சின்னதில்லை.

சி.சு. செல்லப்பா இன்னொரு ரகம். 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கியவர், புத்தகங்களைப் பையில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய்த் தாமே விற்றார். இதைத் தியாகக் கதையாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. விநியோக முறையாகப் பார்த்தால் படு மோசமானது. முதுகு வலிக்கும், பஸ் கட்டணம்கூடத் தேறாது. ஆனால் யார் காசில் தன் எழுத்து நிற்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வாய்ப்பில்லை. எண்ணிக் கொடுத்த கையை எதிரே நின்று பார்த்திருக்கிறார்.

எல்லாரும் பை தூக்க முடியாது, தூக்கவும் வேண்டாம். வலைப்பூவில் சமையல் எழுதுகிற ஒருவர், தான் பயன்படுத்தும் குக்கரைப் பற்றி எழுதி, கடைக்குப் போகும் இணைப்பைக் கீழே வைக்கிறார். அதன் வழியாகப் போய் ஒருவர் வாங்கினால் எழுதியவருக்குச் சின்னப் பங்கு. இணைப்பு வழியாக வாங்குவதால் விலை தனியாகக் கூடுவதில்லை. இதில் ஒளிவுமறைவு கூடாது, ஆதாயம் உண்டு என்றால் பளிச்சென்று சொல்ல வேண்டும் என்று மத்திய அரசு 2023 ஜனவரியில் வழிகாட்டுதலும் வெளியிட்டது. ‘நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும்’ என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடும்.

அவருடைய முதல் வரைவில் இன்னொரு வரியும் இருந்திருக்கும்: பருப்பு பொங்கினால் வெயிட்டில் அடைத்துக்கொள்கிறது, ஆறு மாதத்தில் கைப்பிடி ஆடுகிறது. அதை வைத்தால் பத்துப் பேரில் நாலு பேர் இணைப்பைத் தொடாமல் போய்விடுவார்கள். எடுத்தாலும் யாரும் வந்து கேட்கப்போவதில்லை, படிப்பவருக்கும் தெரியப்போவதில்லை. சந்தாவா விளம்பரமா கமிஷனா என்று மாதக்கணக்கில் யோசித்தவர், கடைசியில் அந்தக் கைப்பிடி வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.