குடிக்காதவர்களின் கணக்கு

2020 டிசம்பரில் கேகாலை ஹெட்டிமுல்லையில் ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். தேனும் சாதிக்காயும் சேர்ந்தது. காளியின் அருளால் கிடைத்தது. குடித்தால் கொவிட் அண்டாது என்பது பேச்சு. நானும் ஒரு போத்தல் வாங்கியவன். பல வருடங்களாக விஞ்ஞானம் படிப்பிக்கும் வாத்தியார்தான். ஆனால், சீனி வருத்தத்தோடு படுத்திருந்த உம்மாவைப் பார்த்தபோது படித்ததெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது. காளியின் பெயர் கேட்டால் உம்மா தொடமாட்டார் என்று, "தேன் மருந்து" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் எவருக்கும் நோய் வரவில்லை. பாணிதான் காப்பாற்றியது என்று நானும் நம்பினேன்.

2021 இல் பாடசாலை திறந்த பிறகு வகுப்பில் இந்தப் பேச்சு எழுந்தது. தோட்டத்துப் பிள்ளையொருத்தி எழும்பிக் கேட்டாள்: "எங்க லயத்துல யாருமே குடிக்கல சேர். எங்களுக்கும்தான் வரல. அது எதனால?"

போஞ்சி விதையை இரண்டு பேணிகளில் நட்டு, ஒன்றை வெயிலிலும் மற்றதை அலுமாரிக்குள்ளும் வைக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். குடித்தவர்களை மட்டும் எண்ணி, குடிக்காதவர்களை எண்ணாமல் விட்டிருந்தேன். சுகாதார அமைச்சராக இருந்த பவித்ரா வன்னியாரச்சி பகிரங்கமாக அந்தப் பாணியைக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்குத் தொற்று உறுதியானது. உடனே பாணி பொய் என்று சிரித்தார்கள். அதுவும் என் பிழைதான், மறுபக்கமாக. ஒருவருக்கு வந்ததாலோ ஒரு வீட்டுக்கு வராததாலோ எதுவும் தீர்மானமாகாது.

அந்தப் பிள்ளையின் கணக்கும் முழுமையானதல்ல. பாணிக்குப் போனவர்களுக்குக் கைச்செலவும் வாகனமும் இருந்தன. லயத்தார் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். இறப்பர் காட்டில் திறந்த வெளியில் வேலை செய்பவர்கள். இரு பகுதியாருக்கும் ஆயிரம் வேற்றுமைகள். ஆகவேதான் யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை எழுமாறாக, சீட்டுக் குலுக்கித் தீர்க்கிறார்கள். போதிய ஆட்கள் இருந்தால், நாம் அறிந்த வேற்றுமையும் அறியாததும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பிரிந்துவிடும். அடுத்தது மறைப்பு. சாதாரண தரப் பரீட்சை விடைத்தாளில் பெயரிராது, சுட்டெண்தான் இருக்கும். பிள்ளை யாரென்று தெரிந்தால் திருத்துபவரின் கை தளரும். மருந்து யாருக்குப் போனதென்று தெரிந்தால் வைத்தியரின் கண்ணும் அப்படித்தான்.

இதைச் சொன்னபோது நண்பரான மௌலவி ஒருவர் கேட்டார்: "பாதிப் பேருக்கு மருந்தில்லை என்று சீட்டு எழுதுவது பாவமில்லையா?"

இலேசான கேள்வியல்ல. அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களைச் சிகிச்சையின்றி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலின் குணப்படுத்தும் என்று தெரிந்த பின்னரும் கொடுக்கவில்லை. அது பாவம்தான். தெரிந்ததை மறைப்பது வேறு. தெரியாது என்று ஒப்புக்கொள்வது வேறு. பிரித்தானியாவில் ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது மருந்து எல்லாருக்கும் போதாது. 107 காசநோயாளர்களை மூடிய உறைகளால் பிரித்தார்கள். ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். 1948 இல் வெளியான அந்தக் கணக்கு பிறகு எத்தனையோ பேருக்கு உதவியது. எல்லாரும் விரும்பி, எவரும் முந்த முடியாதபோது சீட்டு நியாயமானது. மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்பது யார் என்பதற்கு எழுதுகோல்கள் எறியப்பட்டதை மௌலவிதான் எனக்கு நினைவூட்டினார்.

இந்தச் சீட்டு ஏழைக்கு உதவியதும் உண்டு. காசநோய்க்குச் சானட்டோரியமும் ஓய்வும் நல்ல சாப்பாடும் வேண்டும் என்றிருந்த காலம். 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், ஏழை நோயாளர்களைச் சீட்டின்படி வீட்டிலும் சானட்டோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதேயளவு குணமடைந்தார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. 1959 இல் முடிவு வெளியானதும் உலகமே சிகிச்சை முறையை மாற்றத் தொடங்கியது.

என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. அதே 2020 இல் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அடக்கினால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்ய இடமளித்திருந்தது. ஆதாரம் எங்கே என்று நாம் அழுது கேட்டோம். 2021 பெப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது; 2024 இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நானும் ஆதாரம் கேட்டவர்களில் ஒருவன். ஆனால், உம்மாவுக்குக் கரண்டியில் பாணி ஊற்றியபோது அந்தக் கேள்வி என் வாயில் வரவில்லை. நம்மை வருத்துவதற்கு மட்டும் ஆதாரம் கேட்டு, நமக்கு ஆறுதல் தருவதை அப்படியே விழுங்கினால், அந்தக் கேள்வி நீதிக்காகக் கேட்டது ஆகாது.

உம்மா இன்றும் அந்தத் தேன் மருந்தைப் புகழ்வார். போன நோன்பில் உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "எனக்கிட்டயே மறைச்சிட்டியே மகன்" என்றார்.