மேகத்துக்கு யார் பொறுப்பு?

மழை பெய்விப்பது அல்லாஹ்வின் செயலல்லவா, விமானத்தில் ஏறி மேகத்தில் மருந்து தூவுவது அவனுடைய காரியத்தில் தலையிடுவதாகாதா என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சகோதரர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமுண்டு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அப்பால் கேரளத்தில் இறங்கிவிட, மலையடியிலேயே இருந்தும் மழை மறைவில் கிடக்கும் ஊர்கள் இவை. ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தால் கண்மாய் வறண்டுவிடும். ஒரு குடம் தண்ணீருக்குத் தாய்மார்கள் காத்துக் கிடப்பார்கள். இம்முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதுமல்ல. 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், 1993-94-லும் வறட்சியின்போது அரசே இதில் இறங்கியது.

மேகத்திலுள்ள துளிகள் மிக நுண்ணியவை; சேர்ந்து கனத்தால்தான் விழும். குளிர்ந்த மேகத்தில் வெள்ளி அயோடைடு தூவினால், பனிக்கட்டியின் அமைப்பை ஒத்த அத்துகளைப் பற்றி நீர் உறைந்து கனக்கிறது. வெப்பமான மேகத்தில் உப்புத் துகள் ஈரத்தை இழுத்துத் துளியைப் பெரிதாக்குகிறது. அவ்வளவுதான். மேகமில்லாத வானில் எத்தனை விமானம் பறந்தாலும் ஒரு சொட்டு விழாது. சூரத்துல் வாகிஆவில் (56:63-70) அல்லாஹ் விதைப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் அடுத்தடுத்து நம்மிடம் வினவுகிறான். முளைக்கச் செய்பவன் அவனே என்பதால் விதைப்பு ஹராமாகிவிட்டதா? இல்லையே! மேகத்தில் விதைப்பதும் அப்படியே.

என் கவலை வேறு. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 ஆண்டுகளில், மழை மறைவுப் பகுதியான சோலாப்பூரில் சோதனை நடத்தி, சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 18 விழுக்காடு மழை கூடியதாகக் கண்டது. நல்ல செய்திதான். ஆனால் தானாகப் பெய்திருக்கக்கூடிய மழை எது, தூவியதால் கூடியது எது என்று பிரித்தறிவது எளிதல்ல. பெய்தால் எங்கள் சாதனை, வெள்ளம் வந்தால் இறைவன் நாட்டம் என்று பேசும் வாய்ப்பு இங்கேதான் பிறக்கிறது. ஹுதைபிய்யாவில் இரவு மழை பெய்தபோது, அதை நட்சத்திரத்தின் கணக்கில் எழுதியவர்களைப் பற்றி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். விமானத்தின் கணக்கில் எழுதுவோர் அதை எண்ணிப் பார்க்கட்டும்.

2024 ஏப்ரல் 16-ல் துபாய் வெள்ளத்தில் மூழ்கியபோது, அங்கிருக்கும் பிள்ளைகளை எண்ணி நம் வீடுகள் பதறின. மேகத்தில் தூவியதே காரணம் என்று உலகமே பேசியது. அந்தப் புயலின்போது தூவவில்லை என அந்நாட்டு வானிலை மையம் மறுத்தது. மழை வந்தது பெரும் புயல் அமைப்பால்தான் என்று வானிலை அறிஞர்களும் சொன்னார்கள். என்று, எங்கே, எவ்வளவு தூவினோம் என்பதை அன்றன்றே மக்களுக்கு அறிவிக்கும் வழக்கம் இருந்தால் வதந்திக்கு இடமிருக்காது. பொதுப்பணத்தில் செய்யும் காரியம் அமானத்து. கணக்கும் பொதுவில்தான் இருக்க வேண்டும்.

மழையில்லை என்று ஒருவர் முறையிட, நாயகம் (ஸல்) அவர்கள் ஜுமுஆ குத்பாவிலேயே துஆச் செய்ததும், மறு ஜுமுஆ வரை மழை விடாமல் பெய்ததும், வீடுகள் இடிகின்றன என்ற முறையீடு வந்ததும், நம்மீதன்றிக் குன்றுகளிலும் ஓடைகளிலும் பெய்யுமாறு வேண்டியதும் அனஸ் (ரலி) அறிவித்த ஹதீஸில் வருகிறது. மழையைக் கேட்டவர்கள், இடிந்த வீட்டுக்காரரின் முறையீட்டையும் கேட்டார்கள். மேகத்தில் தூவ உத்தரவிடும் அதிகாரி, அணை நிரம்பியபின் நிறுத்தவும், தாழ்ந்த பகுதியில் குடிசை போட்டிருப்பவனுக்கு முன்கூட்டிச் சொல்லவும் கடமைப்பட்டவர். தண்ணீரில் மக்கள் யாவரும் பங்காளிகள் என்பது நபிமொழி. காற்றுப்போக்கில் அடுத்திருக்கும் ஊரும் அந்தப் பங்கில் சேர்த்திதான்.

விமானம் பறக்கும் நாளில் மழைத் தொழுகை தேவையா என்றும் சிலர் கேட்கிறார்கள். தேவைதான், மருந்து சாப்பிடுகிறவன் துஆவை விட்டுவிடுவதில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் இஸ்திஸ்கா என்பது துஆவும் பாவமன்னிப்புத் தேடலுமாகும். ஷாஃபிஈ மத்ஹபில் மூன்று நாள் நோன்பிருந்து, நான்காம் நாள் எளிய உடையில், கால்நடைகளையும் ஓட்டிக்கொண்டு திடலுக்குப் போவது முறை. போகுமுன் பிறரிடம் அநியாயமாய்ப் பிடித்துவைத்த உரிமைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள் ஃபிக்ஹு உலமாக்கள். கண்மாய்க்குப் போகும் ஓடையில் வேலி போட்டிருப்பவர் நம் ஜமாஅத்தில் இருந்தால், அந்த வேலியும் இதில் அடங்கும்; நோன்பின் முதல் நாளே அதைப் பிடுங்கிவிடுவது நல்லது.