மிச்ச மண் யாருடையது?

வீடு திருத்துகிறவர்கள் கல், மணல், சீமெந்து, கூலி என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கிறார்கள். வேலை முடிந்தபின் மிஞ்சும் கல்லையும் மண்ணையும் யார் அள்ளுவது என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அது பாஸுடைய வேலை என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். கட்டத்தான் வந்தேன், கூட்ட வரவில்லை என்று மேசன் பாஸ் நினைக்கிறார். சின்ன விடயந்தான். ஆனால் நியாயம் பற்றிய பெரிய கேள்வியொன்று இதற்குள் இருக்கிறது.

உடைத்தவனே அள்ள வேண்டும் என்பது ஒரு வாதம். கடதாசியைக் கிழித்த பிள்ளையே அதைப் பொறுக்க வேண்டும் என்றுதான் நாமும் வகுப்பறையில் சொல்கிறோம். பிள்ளை தன் விருப்பத்துக்குக் கிழித்தது. மேசன் தன் விருப்பத்துக்கா சுவரை உடைத்தார்? அகலமான விறாந்தை வேண்டுமென்று ஆசைப்பட்டவர் வீட்டுக்காரர். அதில் காற்று வாங்கப் போகிறவரும் அவரே.

பயனை அனுபவிப்பவரே அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்பது உஸ்மானியர் தொகுத்த 'மஜல்லா' சட்டக் கோவையின் 87ஆவது விதி. நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் நமது நாட்டின் 2007ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டமும் வளவின் உரிமையாளரையோ குடியிருப்பவரையோதான் பொறுப்பாளியாகக் காண்கிறது. வெற்றுப் பெயின்ட் வாளியில் மழைநீர் தேங்கிக் குடம்பி பெருகினால், வாளியை விட்டுச் சென்றவர் பாஸ் என்று கூறித் தப்ப முடியாது. 2017இல் 180,000க்கும் அதிகமான டெங்குச் சந்தேக நோயாளர் பதிவான நாடு இது.

ஆகவே பொறுப்பு வீட்டுக்காரருடையது. அள்ளுகின்ற கை யாருடையதாகவும் இருக்கலாம். பாஸே அள்ளட்டும், முதல் நாளே பேசி, அதற்கும் கூலி சேர்த்துக் கொடுக்க வேண்டும். கையில் காசில்லாதவர் தாமே மண்வெட்டி பிடிக்கலாம், அதில் வெட்கமில்லை. பாஸுக்கும் பங்குண்டு. அலட்சியத்தால் சிந்திய சாந்து அவருடைய கணக்கு. தவிர்க்க முடியாமல் மிஞ்சியது வீட்டுக்காரருடைய கணக்கு.

பேசாமல் விட்டால் என்ன நடக்கிறது? கடைசி நாள் அந்தியில் கையாள் பொடியனிடம் "அள்ளிப்போட்டு வா" என்கிறார்கள். அதற்குத் தனிக்கூலி இல்லை. அவன் ஒழுங்கையோரத்து வடிகானில் கொட்டுகிறான். மாரியில் அந்தக் கான் அடைத்து, அயலவர் வளவுக்குள் வெள்ளம் ஏறுகிறது. நிலத்தில் இறுகிய சீமெந்துக் கறையை வீட்டுப் பெண்கள் குந்தியிருந்து சுரண்டுகிறார்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகளையும் அவர்களே தும்புத்தடியால் உலர்ந்தபடி கூட்டுகிறார்கள். அந்தத் தூசியின் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளின் பின்னரும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை.

பேசாமல் விட்ட வேலை, வாய் திறந்து மறுக்க முடியாதவர் தலையிலேயே விழுகிறது. இதில் அநியாயம் என்று நான் கருதுவது இதைத்தான்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே பாதையில் நமது பழைய சுவரைக் கொட்டிவிட்டுப் புதிய விறாந்தையில் நிம்மதியாக அமர முடியுமா? கூலி பேசும்போதே, "மிச்ச மண்ணை யார் அள்ளுவது, எங்கே போடுவது, அதற்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட வேண்டும். அதை முதலில் கேட்க வேண்டியவர் வீட்டுக்காரரே. காசு கொடுப்பவர் கேட்காததைக் கூலிக்கு வந்தவர் கேட்பது இலகுவல்ல.