அடைக்கோழியும் மின்விளக்கும்

"கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்று கேட்பது நம் மக்களின் வழக்கம். தாயின் கண்டிப்பு பிள்ளைக்குத் தீங்காகாது என்பது அதன் பொருள். ஆனால், கிராமத்துப் பங்குகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சில வேளைகளில் முடமாகத்தான் செய்கிறது. குறுகிய பஞ்சாரத்துக்குள் மிரண்ட தாய்க்கோழியின் காலடியில் நசுங்கிய குஞ்சுகளை நாம் கண்டிருக்கிறோம். பருந்துக்கு ஒன்று, காகத்துக்கு ஒன்று, கீரிக்கு ஒன்று, மழைக்கு இரண்டு எனப் பறிகொடுத்து, பன்னிரண்டு குஞ்சுகளோடு இறங்கிய கோழி ஒரு மாதத்தில் ஐந்தாறோடு திரிவது ஊரில் எவருக்கும் வியப்பளிப்பதன்று. எனவே தாய்க்கோழியைப் புகழ்ந்தும் இயந்திரத்தைப் பழித்தும் எழுதுவது நமது நோக்கமன்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நமது பங்கின் மகளிர் குழுக்களுக்கென ஒருநாள் வயதுக் குஞ்சுகள் 200 வாங்கினோம். முதல் மூன்று வாரங்கள் ஒரே இடத்தில் வைத்துக் காத்து, பின்னர் பகிர்ந்து கொடுப்பது திட்டம். பழைய மறைக்கல்வி வகுப்பறையில் உமி பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்து, தகரத்தால் வட்டத் தடுப்புக் கட்டி, நடுவில் குண்டு விளக்குகளைத் தொங்கவிட்டோம். இதனைப் புரூடர் என்பார்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். அதன்பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்துவர வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே இதைச் சரியாகச் சொல்லிவிடும். குளிரென்றால் விளக்கடியில் குவியும். வெப்பம் மிகுந்தால் தடுப்போரம் ஒதுங்கும். ஒரே பக்கமாகச் சேர்ந்தால் எங்கிருந்தோ காற்றுப் புகுகிறது என்று அறிக. நாமும் உபதேசியாரும் இரவில் முறைவைத்துப் பார்ப்பதென ஏற்பாடு. இரண்டாம் இரவு நமது முறை. மழையில் மின்சாரம் நின்றது. நாம் உறங்கிவிட்டோம். விடியலில் கதவைத் திறந்தபோது, அணைந்த விளக்கின் கீழே குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. அடியில் கிடந்த 31 குஞ்சுகள் மூச்சடைத்து இறந்திருந்தன.

கோயிலுக்குப் பின்புறம் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் வந்து பார்த்தார். முந்தின நாள்தான் அவருடைய கோழி குஞ்சுகளோடு அடையிலிருந்து இறங்கியிருந்தது. அதே மழையில், ஒழுகும் திண்ணையில், அது சிறகை விரித்தபடி இரவெல்லாம் அசையாமல் இருந்திருக்கிறது. அவர் நம்மைக் குறை கூறவில்லை. "கத்தியிருக்கும் சாமி. கத்துனா யாரு வருவா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வி நம்மை விடவில்லை. புரூடர் கொடுக்கும் வெப்பம் கோழி கொடுக்கும் வெப்பத்துக்குக் குறைந்ததன்று. அளவிலும் ஒழுங்கிலும் அதனினும் மேலானது என்றே சொல்லலாம். ஆனால் விளக்கைக் கூப்பிட முடியாது. முட்டைக்குள்ளிருக்கும் குஞ்சு, வெளிவருவதற்கு ஓரிரு நாள் முன்பே குரலெழுப்பத் தொடங்குகிறது. அடைக்கோழி தாழ்ந்த குரலில் அதற்கு மறுமொழி சொல்கிறது. உலகைக் காணுமுன்பே அக்குஞ்சு ஒன்றை அறிந்துவிடுகிறது: கூப்பிட்டால் பதில் வரும். பொரிப்பகத்துப் பெட்டியிலும் குஞ்சு அதே குரலைத்தான் எழுப்புகிறது. பக்கத்து முட்டைகளின் குரல் கேட்கும். பதில் சொல்லத் தாய் இல்லை. பொரித்தபின்னும் கோழி செய்வது பெரும்பாலும் பேச்சுதான். இரை கண்டால் தரையைக் கொத்திக்கொண்டே ஒரு குரல்; வானில் பருந்து தெரிந்தால் ஒரு குரல்; தரையில் பூனை வந்தால் வேறொரு குரல். குளிர்ந்த குஞ்சு முனகினால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். 2011-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குஞ்சுகள்மேல் இலேசாகக் காற்றை ஊதித் தொல்லை கொடுத்துப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழிகளின் இதயத்துடிப்புக் கூடியது; அவை குஞ்சுகளை அழைக்கலாயின. ஊரார் அறிந்ததைக் கருவி கொண்டு அளந்தார்கள், அவ்வளவே.

இங்கே ஒரு தடை எழும். விளக்கடிக் குஞ்சு தாயை அறிந்ததே இல்லை. அறியாத ஒன்றை இழந்ததாக எப்படிச் சொல்வது? அது நன்றாகத் தின்கிறது, எடை கூடுகிறது, வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்தும் பெறுகிறது. குருமடத்தில் தோமா அக்குவினாரைப் பயின்ற நாள்களில் நாம் மனனம் செய்த ஒரு வேறுபாடு இப்போதுதான் நமக்குப் பயன்பட்டது. இல்லாமை எல்லாம் குறையாகாது. இருக்க வேண்டியது இல்லாதிருப்பதே குறை. கல்லுக்குக் கண் இல்லை, அது குருடன்று. மனிதனுக்குப் பார்வை இல்லையெனில், பிறவியிலேயே அவன் ஒளியைக் கண்டிராவிட்டாலும், அது குறைதான். அப்படியானால் குஞ்சுக்குத் தாய் இருக்க வேண்டியவளா? 1873-இல் டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர், பொரித்த குஞ்சு தன் கண்முன் அசையும் எதையும் பின்தொடர்வதைக் கண்டு எழுதினார். பின்னர் கான்ராட் லோரன்ஸ் வாத்துக் குஞ்சுகள் தம்மையே தாயெனப் பின்தொடர்ந்ததை விரிவாக ஆராய்ந்தார். 1973-இல் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர். மனிதனையும் பெட்டியையும்கூடத் தாயாக ஏற்கும் அளவுக்கு, தாய்க்கென ஓர் இடத்தைக் குஞ்சு தன்னுள் சுமந்தே வருகிறது. அவ்விடம் வெறுமையாய் இருப்பதை அது உணராதிருக்கலாம். உணராததால் இடம் இல்லையென்று ஆகிவிடாது.

குறை உண்டென்றால் குற்றம் யாருடையது என்பது கடினமான வினா. அடை கிடக்கும் கோழி முட்டையிடாது. எனவே அடையுணர்வு குன்றிய வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களை மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். குஞ்சிடமிருந்து தாயை மட்டுமன்று, கோழியிடமிருந்து தாய்மையையும் எடுத்தோம். ஊர்ப்புறத்தில் இதனை வேறுவிதமாகச் செய்கிறோம்: அடை தெளிய வேண்டுமென்று கோழியைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் நம் பெண்கள் அறிந்த வைத்தியமே. முட்டையிடும் இனங்களில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்துள்ளது. ஆயினும், நாமக்கல்லின் முட்டை சத்துணவு உண்ணும் பிள்ளையின் தட்டில் விழுவதை நாம் தவறென்று சொல்லத் துணியோம். கைம்பெண் ஒருத்தி ஐம்பது குஞ்சுகளை வளர்த்து மகளைப் படிக்கவைக்கிறாள் என்றால், அவளிடம் போய் அக்குவினாரைப் பேசுவோமா?

எருசலேமைப் பார்த்து ஆண்டவர் தம்மை ஒரு கோழிக்கு ஒப்பிட்டதை வாசகர் அறிவர். ஒலிவ மலையில் அவர் அழுததை நினைவுகூரும் சிற்றாலயத்தின் பீடத்தில், குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்திருக்கும் கோழியின் கல்பதிப்போவியம் உண்டு. பிற பறவைகளைக் கூட்டில் கண்டால்தான் தாயென்று அறிவோம். கோழியையோ, குஞ்சுகள் உடனில்லாதபோதும், கம்மிய குரலாலும் கலைந்த இறகாலும் தாயென்று அறிந்துகொள்ளலாம் என்று புனித அகுஸ்தீனார் கூறுகிறார். மறையுரைகளில் நாம் மறந்துவிடும் ஒன்றும் அங்குண்டு. அந்த உவமையில் கூப்பிடுவது கோழி. வர மறுப்பவை குஞ்சுகள்.

நமது பங்கு வளாகத்தில் ஒரு சிறுவர் இல்லம் இருக்கிறது. உணவு, உடை, படிப்பு, மருந்து எதிலும் குறைவில்லை. வந்து பார்ப்போர் பாராட்டிச் செல்கிறார்கள். குஞ்சுகள் இறந்த அதே மாதத்தில், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இரவு முழுதும் காய்ச்சலில் கிடந்து, காலையில்தான் கண்டறியப்பட்டான். ஏன் எழுப்பவில்லை என்று கேட்டோம். "வார்டன் தூங்கிட்டாருன்னு நெனச்சேன் ஃபாதர்" என்றான். நாமும் பத்தாம் வகுப்பு முடித்து இளங்குருமடம் புகுந்தவரே. விடுமுறைக்கு வீடு சென்றால், அம்மா கூப்பிட்டதும் விறைப்பாக எழுந்து நிற்போம், "ஏன்டா, மணியா அடிச்சுட்டேன்?" என்று சிரிப்பார். அச்சிரிப்பில் இருந்த வேறொன்று எமக்கு நெடுநாள் கழித்தே விளங்கிற்று. நிறுவனக் காப்பு இறுதி வழியாகவே இருக்க வேண்டுமென்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லுமுன் நமக்கே தோன்றியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு, முறைப்படி அனுமதி பெற்று, பாட்டியோ சித்தியோ ஏற்கக்கூடிய ஏழு சிறுவரை மாத உதவித்தொகையோடு வீட்டுக்கு அனுப்பினோம். இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருவனுக்கு வீட்டில் அடி. மற்றவனுக்கு வீடே பிடிக்கவில்லை. மீதி முப்பது பேருக்கு அனுப்ப வீடில்லை. விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு கடமையாக நம்மிடம் எஞ்சியிருக்கிறது.

31 குஞ்சுகளைப் புதைத்த அன்று மாலை, அம்மூதாட்டி நம்மிடம் எட்டுக் குஞ்சுகள் கேட்டார். பகலில் விட்டால் கோழி கொத்திக் கொன்றுவிடும். இரவில், இருட்டில், ஒவ்வொன்றாகச் சிறகின் கீழே நுழைக்க வேண்டும் என்றார். விளக்கை அணைத்துவிட்டு அவர் நுழைக்க, நாம் கூடையைப் பிடித்திருந்தோம். கோழி ஒருமுறை உறுமிவிட்டு உடலைச் சற்று அகட்டிக்கொண்டது. காலையில் அது முற்றத்தில் கொத்திக் கூப்பிட்டபோது, நம்முடையவற்றுள் ஆறு குஞ்சுகள் மற்றவற்றோடு ஓடின. இரண்டு மட்டும் சுவரோரம் நின்று கத்திக்கொண்டேயிருந்தன. கோழி திரும்பிவந்து கூப்பிட்டும் அவற்றுக்குப் புரியவில்லை. நடுப்பகல்வரை பார்த்துவிட்டு, அவ்விரண்டையும் எடுத்துவந்து மீண்டும் விளக்கடியில் விட்டோம். அன்று முதல் மூன்று வாரமும் அவ்வறையிலேயே பாய் விரித்துப் படுத்தோம்.