அண்ணனிடம் எப்படித் தாள் கேட்பது?

நான்கு மாதங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் எங்கள் இசைக்குழு ‘சைன்’ ஆனது. சைன் ஆனது என்று சொல்கிறேனே தவிர, யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு சுயாதீன லேபிளை நடத்துபவர். லேபிள் என்றதும் கண்ணாடிக் கதவு, வரவேற்பறை என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் ஒருவர்தான் லேபிள். எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். பகலில் வேறு வேலை பார்க்கிறார். சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தனக்குப் பிடித்த குழுக்களின் பாட்டை வெளியிடுகிறார். “நம்ம பசங்கதானே நீங்க, பேப்பரெல்லாம் எதுக்கு? செலவு போக வர்றதுல பாதிப் பாதி. சரியா?” என்று கையை நீட்டினார். நாங்கள் நால்வரும் வரிசையாகக் கைகொடுத்தோம். “சரிங்கண்ணே.” தே தாரிக்குக்கும் ரொட்டி சானாய்க்கும் அவரே காசு கொடுத்தார்.

வீட்டுக்குக் காரை ஓட்டி வரும்போது ஏதோ உறுத்தியது. நான் கட்டுமானத் துறையில் பொறியாளர். வேலையிடத்தில் ஒரு கதவின் கைப்பிடி மாறினால்கூட மாற்று ஆணை எழுதிக் கையெழுத்து வாங்காமல் தொட மாட்டேன். ஆனால் ஆறு வருடப் பாட்டுகளை ஒரு கைகுலுக்கலில் கொடுத்துவிட்டு வருகிறேன். ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அவரையோ நான் உண்மையாகவே நம்புகிறேன். நம்புகிற ஒருவரிடம் தாள் கேட்பது அவரை அவமதிப்பதா?

அந்த மேசைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போல ஜாமிங் அறையில் வியர்த்துக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படிக்கக்கூடும். ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் கண்ணில்பட்ட லேபிள்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினோம். ஒரே கடிதத்தில் பத்துப் பாட்டு. ஒருவரும் பதில் போடவில்லை. நல்ல பாட்டு இருந்தால் போதும், யாராவது கண்டுபிடித்துத் தூக்கிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம். சின்ன லேபிளிடம் தூக்கிவிடும் அளவுக்குக் காசு கிடையாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பவனின் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளத்தான் அதனால் முடியும். ஆகவே அவர்கள் பார்ப்பது வேறு. மேடையில் வாசிக்கிறீர்களா? உங்கள் மாமா பிள்ளைகளைத் தவிர வேறு யாராவது டிக்கெட் வாங்கி வருகிறார்களா? யாரும் கேட்காமலேயே சொந்தமாக ஏதாவது பதிவுசெய்து வெளியிட்டிருக்கிறீர்களா? நான்காவது ஆள் நேரத்துக்கு வருவானா? அனுப்புவதானால் மூன்று பாட்டு போதும், சிறந்தது முதலில். அந்த லேபிள் இதுவரை வெளியிட்டதைக் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். ராப் மட்டும் போடும் ஆளுக்கு நாங்கள் ராக் அனுப்பியிருக்கிறோம், வெட்கமாக இருக்கிறது. கடைசியில் எங்களுக்குக் கதவு திறந்தது மின்னஞ்சலால் அல்ல. வேறொரு குழுவுக்கு முன்னால் நாலு தடவை வாசித்தோம், நிகழ்ச்சி முடிந்ததும் அவர்களுடைய ஆம்ப்களையும் சேர்த்துத் தூக்கி வேனில் ஏற்றினோம். அவர்கள்தான் அண்ணனிடம் எங்களைப் பற்றிச் சொன்னார்கள்.

கைகுலுக்கலுக்கு ஒரு பெருமையான வரலாறு இருக்கிறது. வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப் பையன்களின் பங்க் குழு, நிகழ்ச்சிகளில் கிடைத்த காசைப் பங்கு பிரிக்காமல் பெட்டியில் சேர்த்துவந்தது. 1980இல் குழு கலைந்தபோது அந்தக் காசில் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். உறைகளைக் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் டிஸ்கார்ட் லேபிள். அதை நடத்தும் இயன் மெக்காய், குழுக்களுடன் எழுத்து ஒப்பந்தமே போடுவதில்லை. தன் ஊர்க் குழுக்களின் பாட்டை மட்டும்தான் வெளியிடுவார். வேறு ஊரிலிருந்து எவ்வளவு நல்ல பாட்டை அனுப்பினாலும் அங்கே சைன் ஆக முடியாது. முதலில் இது எனக்குக் குறுகிய புத்தியாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, தாள் இல்லாமல் வேலை நடக்க வேண்டுமென்றால் எல்லாரும் ஒரே தெருவில் இருக்க வேண்டும். ஏமாற்றினால் நாளைக்கு அதே கடையில் முகத்தைப் பார்த்தாக வேண்டும்.

எழுத்து ஒப்பந்தத்தின் மேல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு வெறுப்பு? 1993இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி ‘தி பாஃப்லர்’ இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பெரிய நிறுவனத்தோடு கையெழுத்திட்டு இரண்டரை லட்சம் பிரதிகள் விற்கும் கற்பனைக் குழு ஒன்று. முன்பணம், தயாரிப்பாளர், வழக்கறிஞர், மேலாளர், வீடியோ என எல்லாவற்றையும் கழித்தால் குழுவில் ஆளுக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 4,031 டாலர். செவன் இலெவனில் வேலை பார்த்திருந்தால் அதைப்போல மூன்று மடங்கு கிடைத்திருக்கும் என்கிறார். முன்பணம் என்பது பரிசு இல்லை, கடன். நம் பாட்டு விற்றே அதை அடைக்க வேண்டும். அந்தத் தாள்களில் எல்லாமே எழுத்தில்தான் இருந்தன. எழுதியிருப்பதால் ஒன்று நியாயமாகிவிடாது. என் வேலையில் தினமும் பார்ப்பதுதான் இது. சிறிய துணைக் குத்தகைக்காரர் ஒருவர் அறுபது பக்க ஒப்பந்தத்தைப் புரட்டாமலே கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே அண்ணன் தாள் வேண்டாம் என்றதில் தவறு இல்லை, அவர் நல்ல மரபில்தான் நிற்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். பிறகு சிகாகோ வழக்கைப் படித்தேன்.

டச் அண்ட் கோ என்பது சிகாகோவில் கோரி ரஸ்க் நடத்திய லேபிள். அவரும் வாய்ப்பேச்சில்தான் ஒப்பந்தம் செய்தார், நிகர இலாபத்தில் பாதிப் பாதி. 1980களின் நடுவிலிருந்து பட்ஹோல் சர்ஃபர்ஸ் என்ற குழுவின் தட்டுகளை அப்படித்தான் வெளியிட்டார். (குழுவின் பெயரைத் தமிழில் சொல்ல மாட்டேன், வீட்டில் அம்மாவும் இதைப் படிப்பார்.) குழு பிறகு பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டது, பழைய தட்டுகள் மட்டும் ரஸ்க்கிடமே தொடர்ந்து விற்றன. 1990களின் நடுவில் குழுவினர், இந்த ஏற்பாடு போதும், எங்கள் பதிவுகளை இனி விற்காதே என்றார்கள். ரஸ்க் மறுத்தார், வழக்கு மேல்முறையீடுவரை போனது. 1999இல் தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாக வந்தது. காலவரையறை சொல்லாத வாய்மொழி ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் காரணம்.

இந்தக் கதையைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ரஸ்க் பக்கம் நிற்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான். யாரும் சீண்டாத காலத்தில் அவர்களுடைய பாட்டை வெளியிட்டவர், பாதியை ஒழுங்காகக் கொடுத்தவர், அவரையே கோர்ட்டுக்கு இழுத்தார்களே என்று கோபம் வந்தது. இரண்டாவது தடவை படிக்கும்போது வேறொன்று கண்ணில் பட்டது. கைகொடுத்தபோது இரு தரப்பும் ஒன்றைத்தான் ஒப்புக்கொண்டதாக நினைத்தார்கள். ஆனால் ‘எதுவரைக்கும்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. ரஸ்க் அதை ‘எப்போதும்’ என்று எடுத்துக்கொண்டார், குழு ‘நமக்குச் சரிப்படும்வரை’ என்று எடுத்துக்கொண்டது. இரண்டுமே பொய் இல்லை. பத்து வருடம் அந்த வித்தியாசம் வெளியே தெரியவில்லை, ஏனென்றால் சண்டை வரவில்லை. ஒருவரையொருவர் அவ்வளவு நம்பியதால்தான் கேட்காமல் விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் இது இன்னும் சிக்கல். மெக்காயோ ரஸ்க்கோ குழுக்களுக்கு ஏறக்குறைய ஒரே வயது நண்பர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாங்கள் அவரை ‘அண்ணே’ என்கிறோம். அந்தச் சொல்லே ஓர் ஒப்பந்தம். அதன் விதிகள் எங்கும் எழுதப்படவில்லை, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தெரியும்: அண்ணன் கடையில் காசு கொடுப்பார், தம்பி கணக்குக் கேட்க மாட்டான். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். நல்லவராக இருப்பதால்தான் கேட்க நா எழவில்லை. ஒருவேளை வியாபாரம் நட்டமாகி, அவர் அந்தப் பாட்டுகளை வேறு யாருக்காவது கைமாற்றினால்? அவருக்கு ஏதாவது ஆகி, அவர் வீட்டாரிடம் நாங்கள் போய் நின்றால்? அண்ணியிடம் “அண்ணன் பாதிப் பாதின்னு சொன்னாரு” என்று சொல்ல முடியுமா? தாள் என்பது அண்ணனை நம்பாததற்காக அல்ல, அண்ணன் இல்லாத இடத்தில் அவருடைய சொல் நிற்பதற்காக என்று பேச்சை மனசுக்குள் தயார்செய்து வைத்தேன். நம் நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவு. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் இல்லாத பதிப்புரிமை மாற்றம் செல்லாது. அதாவது மாமாக் கடையில் நாங்கள் எதையும் கொடுத்திருக்கவே இல்லை. சரி, அடுத்த வாரம் பேசிவிடலாம் என்றிருந்தேன்.

அதற்குள் அவரிடமிருந்தே புலனத்தில் செய்தி வந்தது. “தம்பி, பாட்டை ஏத்தணும். எழுதுனது யாரு, மியூசிக் யாரு, முழுப் பேரு அனுப்புங்க.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூன்று பாட்டுகளில் முதல் பாட்டு, நாங்கள் மேடையில் கடைசியாக வாசிப்பது, கூட்டம் சேர்ந்து பாடுவது, அதன் வரிகளை எழுதியவன் இப்போது எங்கள் குழுவில் இல்லை. எங்கள் பழைய டிரம்மர். இரண்டாம் ஆண்டு விடுதியில், தேர்வுக்கு முந்தின இரவு, என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினான். படிப்பு முடிந்ததும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான், வார இறுதி ஒத்திகைக்குப் பாலம் தாண்டி வர முடியவில்லை. நாங்கள் வேறு ஆளைப் போட்டோம். சண்டை ஒன்றும் இல்லை. “நம்ம பாட்டுடா, விடு” என்று அவனே ஒருமுறை சொன்னான். அந்த ‘நம்ம’வை நாங்கள் வசதியாகப் பிடித்துக்கொண்டோம். மூன்று வருடமாக ஒவ்வொரு மேடையிலும் “எங்க பாட்டு” என்று அறிவித்துத்தான் வாசித்தோம். அண்ணனிடம் கைகொடுத்த நால்வரில் அவன் இல்லை, அவனுக்குத் தகவல்கூடச் சொல்லவில்லை.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது: எழுதப்பட்ட பாட்டு ஒன்று, பதிவுசெய்யப்பட்ட ஒலி இன்னொன்று. பதிவில் அவன் வாசிக்கவில்லை, அது எங்களுடையது. ஆனால் வரிகளுக்கான பதிப்புரிமை அவன் வாழ்நாளுக்கும் பிறகு 50 ஆண்டுக்கும் உண்டு. ஆசிரியராகத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்ற உரிமை தனியாக இருக்கிறது. சட்டமே அதற்குத் தார்மீக உரிமை என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. லேபிள் எங்களை ஏமாற்றுமா என்று நான்கு மாதம் தூங்காமல் யோசித்தவன், நான் யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

குழுவில் கேட்டேன். கிட்டார்காரன், “நாலு பேர் பேரையும் போடு, அவனுக்கு அப்புறம் ஏதாவது பார்த்துக் கொடுக்கலாம்” என்றான். பாடுபவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்றிரவே ஜொகூர் பாரு எண்ணுக்கு அழைத்தேன், அவன் இன்னும் பழைய எண்ணைத்தான் வைத்திருந்தான். பேருந்தில் இருந்தான். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டான், நிஜமாகவே. பிறகு நான் பெருந்தன்மையான ஆளைப் போல, “பாட்டுல உனக்கு நாலுல ஒரு பங்கு போட்டுடறோம், 25 விழுக்காடு” என்றேன்.

கொஞ்ச நேரம் பேருந்துச் சத்தம் மட்டும் கேட்டது.

“வரி முழுசும் நான்தானே மச்சான் எழுதுனேன்? மியூசிக்தான் நாலு பேரும் சேர்ந்து போட்டது.”

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. இவ்வளவு தூரம் தேடி அழைத்தவனிடம் கணக்குப் பேசுகிறானே என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே, அண்ணனிடம் நான் தாள் கேட்கும்போது அவருக்கும் இப்படித்தான் இருக்கும் என்றும் புரிந்தது. கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பாட்டை வரிக்குப் பாதி, இசைக்குப் பாதி என்று பிரித்தால், வரியின் 50 முழுக்க அவனுக்கு. இசையின் 50 நால்வருக்கும் ஆளுக்கு 12.5. அவனுக்கு மொத்தம் 62.5, எங்கள் மூவருக்கும் ஆளுக்கு 12.5. மறுபடி கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

எண்களை ஒரு தாளில் எழுதி, நான்கு பெயருக்கும் எதிரே கோடு போட்டு, படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அண்ணனுக்கும் தனியாக அனுப்பி, “அண்ணே, இதோட சேர்த்து நமக்குள்ளயும் எத்தனை வருஷம்னு ஒரு பக்கம் எழுதிக்கலாமா?” என்று கேட்டேன். அவர் கட்டைவிரல் படம் போட்டார். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டிரம்மர் கையெழுத்திட்டு அன்றே திருப்பி அனுப்பிவிட்டான். பாடுபவன் மறுநாள் போட்டான்.

கிட்டார்காரன் செய்தியைப் பார்த்துவிட்டான், இரண்டு நீல டிக்கும் விழுந்திருக்கிறது. இன்றோடு ஐந்து நாள், பதில் இல்லை.