யார் வீட்டில் யார் விருந்தாளி?

1986இல் வெளிவந்த இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ தொகுப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஒன்று புளகாங்கிதம்: கிழக்கையும் மேற்கையும் இணைத்துவிட்டார் என்பது. மற்றது உதட்டுப் பிதுக்கல்: சினிமாப் பாட்டுப் போடுகிறவருக்கு எதற்கு இந்த ஆசை என்பது. இரண்டையும் தொகுப்பைக் கேட்காமலேயே சொல்லிவிட முடியும் என்பதால் இரண்டிலும் எனக்கு அக்கறை இல்லை. தொகுப்பைக் கேட்கிறவனுக்கு எழுகிற கேள்வி வேறு. முழுமை பெற்றுவிட்ட ஒரு படைப்பின் மேல் இன்னொருவன் கை வைக்கலாமா? வைக்கலாம் என்றால், எந்த நிபந்தனையின் பேரில்? இதை நான் ரசனைப் பிரச்னையாகப் பார்க்கவில்லை, ஒழுக்கப் பிரச்னையாகப் பார்க்கிறேன்.

முதலில் விஷயம். இது சினிமாவுக்காகச் செய்யப்பட்டதல்ல. பாட்டும் இல்லை, கதையும் இல்லை. வாத்திய இசை மட்டுமே. வி. எஸ். நரசிம்மனின் வயலின் இதில் பிரதானம். தொகுப்பு இரண்டு பேருக்குச் சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது: தியாகராஜர், யொஹான் செபாஸ்டியன் பாக். பாக் இறந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். ஒருவரைப் பற்றி மற்றவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்று ஒரு பகுதிக்குப் பெயர். என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன். அதற்கடுத்த பகுதியின் பெயர், பேசிக்கொண்டிருந்தோம் என்பது. முதல் பகுதியில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசை, அடையாளம் மாறாமல், ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி இளையராஜா வேறு தந்தி வாத்தியங்களை எழுதிச் சேர்த்திருக்கிறார். நான் எடுத்துக்கொள்ளும் வழக்கு இதுதான்.

‘என் வீட்டில்’ என்ற சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். வியன்னாவுக்கோ லைப்ஸிக்குக்கோ போய்ப் பார்த்ததாகச் சொல்லவில்லை. பாக் இங்கே வந்திருக்கிறார். இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரம் எங்கள் சீமைக்கு மேற்கே இருக்கிறது. 1985இல் ஜில்லா பிரிகிற வரை திண்டுக்கல்லும் அதுவும் ஒரே மதுரை ஜில்லாதான். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யார் யார் வீட்டுக்குள் போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும், யாருக்கு எந்தத் தம்ளர் என்பதெல்லாம் எழுதாத சட்டமாக இருந்தவை. பல இடங்களில் இன்னும் இருப்பவை. சங்கீதத்துக்கும் அப்படித்தான் வீடு இருந்தது, திண்ணை இருந்தது, வாசல் இருந்தது. அப்படிப்பட்ட மண்ணில் ஒருவர் ‘பாக் என் வீட்டுக்கு வந்தார்’ என்று எழுதுவதை வெறும் செல்லத் தலைப்பாக நான் வாசிக்க மாட்டேன். அனுமதி கேட்டு உள்ளே போகும் நிலையை மறுத்து, வரவேற்கும் நிலையை எடுத்துக்கொள்கிறார்.

உதட்டைப் பிதுக்குகிறவர்கள் குறிவைப்பதும் இந்த நிலையைத்தான். ‘பாவனை’ என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் இடம் பற்றிய குற்றச்சாட்டு. உன் இடம் அதுவல்ல என்பதைத்தான் அது நாசூக்காகச் சொல்கிறது. மேற்கிலும் இதுவே நடந்தது. எமர்ஸன், லேக், பாமர் என்ற மூவர் குழு 1971இல் முஸோர்க்ஸ்கியின் ‘சித்திரக் கண்காட்சி’யை மின் வாத்தியங்களிலும் டிரம்ஸிலும் வாசித்தபோது, ராக் குழுவுக்கு எதற்கு இந்த மேட்டிமை என்றார்கள். பின்னால் வந்த முற்போக்கு மெட்டல் குழுக்கள் நாற்பது நிமிஷப் பாட்டுகளை எழுதியபோதும் அதையே கேட்டார்கள். பேராசை கலையில் குற்றமே அல்ல. பேராசை கொண்டவன் செய்து முடித்தானா என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்ல, கேட்க வேண்டும். சிரிக்கிறவன் கேட்பதில்லை.

ஆனால் பாக்கின் விஷயத்தில் எதிர்க்கட்சிக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. பாக் தனி வயலினுக்கென்று எழுதிய ஆறு படைப்புகளைத் தம் கையால் 1720இல் நகலெடுத்து வைத்தார். துணை வாத்தியம் கிடையாது என்பதை அவரே குறித்திருக்கிறார். ஒரே வயலின், ஒரு சமயத்தில் பெரும்பாலும் ஒரே ஸ்வரம். ஆனாலும் கேட்கிறவனுக்கு இரண்டு மூன்று குரல்கள் கேட்கின்றன. வில் மேலே ஒன்றைத் தொட்டுக் கீழே வேறொன்றுக்குப் போகும்போது, விட்டுவந்ததை நம் மனசு பிடித்துவைத்துக்கொள்கிறது. இல்லாத குரலைக் கேட்கிறவன் போட்டுக்கொள்கிறான். அந்த முன்னிசையின் முழுமை இந்த இல்லாமையில்தான் இருக்கிறது. அங்கே போய் மற்ற குரல்களை எழுதிவைப்பது, குறிப்பால் உணர்த்தியதை உரக்கச் சொல்வது அல்லவா? கேட்கிறவனின் வேலையைப் பிடுங்கிக்கொள்வது அல்லவா?

இதற்கு முன்னுதாரணத்தைக் காட்டிப் பதில் சொல்லிவிட முடியாது. முன்னுதாரணங்கள் ஏராளம் இருந்தும்தான். பாக் தாமே இதே முன்னிசையை 1731இல், லைப்ஸிக் நகரசபைக்காக எழுதிய காண்ட்டாட்டாவில், ஆர்கனுக்கு மாற்றி எக்காளங்களும் முரசும் சேர்த்துவிட்டார். விவால்டி நான்கு வயலினுக்கு எழுதியதை எடுத்து நான்கு ஹார்ப்ஸிகார்டுக்கு ஆக்கியவரும் அவரே. ஷூமன் 1850களில் பாக்கின் தனி வயலின் படைப்புகளுக்குப் பியானோத் துணை எழுதினார். அதே காலத்தில் கூனோ, பாக்கின் வேறொரு முன்னிசையைத் தரையாக விரித்து அதன் மேல் தம் மெட்டு ஒன்றை நடக்கவிட்டார். நம் பக்கத்தில் முத்துஸ்வாமி தீக்ஷிதர், கும்பினி பாண்டுக்காரர்கள் வாசித்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். ஆங்கில ராஜவாழ்த்து மெட்டுக்குக்கூட. நோட்டுஸ்வரம் என்ற பெயரோடு அவை இன்றும் பாடப்படுகின்றன. அவர் தம்பி பாலுஸ்வாமிதான் வயலினைக் கற்று நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தவர். ஆனால் பலர் செய்தார்கள் என்பதால் ஒன்று சரியாகிவிடாது. அவர்கள் ஒரே காரியத்தைச் செய்யவுமில்லை.

மூன்று காரியங்களைப் பிரித்துப் பார்க்கலாம். ஷூமன் செய்தது விளக்கம். கேட்கிறவனுக்குப் புரியாமல் போகுமோ என்ற கவலையில் உள்ளே மறைந்திருப்பதை எடுத்து வெளியே வைப்பது. நம் உரையாசிரியர்கள் செய்த வேலை இதற்குப் பக்கத்தில் வரும். குறளின் எச்சங்களைப் பரிமேலழகர் நிரப்பும்போது நமக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. கூனோ செய்தது உபயோகம். அங்கே பாக் பேசுவதில்லை, சுமக்கிறார். மூன்றாவது, பதில். மற்றவனைக் கடைசி வரை பேசவிட்டு, அதே நேரத்தில் தன் பேச்சையும் ஒளிக்காமல் வைப்பது. இதில் இரண்டு கடமைகள் இருக்கின்றன. அவன் வார்த்தையைத் திருகக் கூடாது. நம் வார்த்தையை அவனுடையது என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. வீட்டுக்கு வந்தவரிடம் காட்ட வேண்டிய மரியாதையும் இதுவேதான். வந்தவரைப் பேசவிடாமல் தாமே பேசுகிற வீட்டுக்காரரையும் பார்த்திருக்கிறோம். வந்தவர் எதிரே வாயே திறக்காமல் கைகட்டி நிற்கிறவரையும் பார்த்திருக்கிறோம். இரண்டுமே உபசாரம் அல்ல.

இளையராஜாவின் பகுதி இந்த அளவுகோலில் எங்கே நிற்கிறது? பெரும்பாலும் பதில் என்றே நினைக்கிறேன். பாக்கின் வரி தன் வேகத்தில் ஓட, சேர்க்கப்பட்ட வாத்தியங்கள் அதற்கு முட்டுக் கொடுக்காமல் தமக்கென்று ஒரு வழியில் நடக்கின்றன. இடையிடையே விளக்கமாகிவிடுகிற இடங்களும் உண்டு. ஏற்கனவே உள்ளே ஒலித்துக்கொண்டிருந்ததைத் தந்திகள் திரும்பச் சொல்கின்றன. அங்கே எனக்கு ஒரு சலிப்புத் தட்டுகிறது. முழு உரையாடல் அடுத்த பகுதியில்தான் நடக்கிறது. தலைப்பும் அதையே ஒப்புக்கொள்கிறது.

ஆனால் இவ்வளவு சொல்லியும் பிரச்னை தீரவில்லை. காரணம் என் காது. நான் பாக்கை முதலில் கேட்டதே இந்த வீட்டில்தான், தேய்ந்த ஒலிநாடாவில், பள்ளிக்கூட நாட்களில். ஆங்கில இலக்கியம் படித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்த பிறகுதான் தனி வயலினில் அதே முன்னிசையைக் கேட்டேன். ஒருவர் எழுந்து போய்விட்ட அறை மாதிரி இருந்தது. பாக் வேண்டுமென்றே விட்ட காலி இடம் எனக்குக் காலியாக இல்லை. இளையராஜா ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அந்த முன்னிசையைத் தனியாகக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்குச் சில வருஷங்கள் ஆயின. முஸோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு மட்டும் எழுதியதை ராவெல் 1922இல் வாத்தியக் குழுவுக்கு மாற்றிய பிறகு, பலருக்கு அந்தப் பியானோவே ஏதோ முன்வரைவு போலத் தோன்றிவிட்டது. இதுவும் அதுதான்.

மரபு பற்றிய எலியட்டின் 1919ஆம் வருஷத்துக் கட்டுரையை நாம் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். புதியது வந்து சேரும்போது பழையவற்றின் வரிசையும் சற்று மாறுகிறது என்பது அவர் கட்சி. எவ்வளவு சௌகரியமாகச் சொல்லிவிட்டார்! மாறுவது எங்கோ ஆகாயத்தில் இருக்கும் ஒரு வரிசை என்றால் யாருக்கும் வலிக்காது. மாறுவது ஒரு குறிப்பிட்ட ஆளின் காது. முதலில் அறிமுகப்படுத்துகிறவன் அந்தக் காதுக்குப் பொறுப்பாளி ஆகிறான். லண்டனில் ஒருவர் பாக்கைப் பாக்கிடமிருந்தே கேட்டிருப்பார். எங்கள் சமவெளியில் ஒரு தலைமுறைக்கு அந்த வழி எளிதாகத் திறந்திருக்கவில்லை. இளையராஜா திறந்த கதவு வழியாகத்தான் போனோம். கதவைத் திறந்தவர் கதவிலேயே தம் முகத்தையும் வரைந்திருந்தார்.

இதை மன்னிக்கத்தக்கதாகவும், அதற்கு மேல் மதிக்கத்தக்கதாகவும் ஆக்குவது ஒன்றுதான்: பெயர் சொன்னது. வங்கியில் தினமும் பார்க்கிறேன். கடன் வாங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஊரே கடனில்தான் நடக்கிறது. பேரேட்டில் ஏறாத கடன்தான் ஆளையும் கெடுக்கிறது, கொடுத்தவனையும் கெடுக்கிறது. சினிமா இசையில் வெளிநாட்டு மெட்டுகள் பெயரில்லாமல் வந்து போவது வெகுகாலப் பழக்கம். இந்தத் தொகுப்பு தன் கடன்காரர்களை வாசலிலேயே எழுதி வைக்கிறது. பாக்கின் பெயர் தலைப்பிலேயே இருந்ததால்தான் என்னால் பிறகு அவரைத் தேடிப் போக முடிந்தது. பெயர் இல்லாவிட்டால் அந்த வயலின் இளையராஜாவுடையதாகவே எனக்குள் தங்கியிருக்கும். தம் முகத்தை வரைந்தவர், உள்ளே இருப்பவரின் விலாசத்தையும் எழுதி வைத்திருந்தார். எதற்குப் பெயரிடுவது என்று தொகுப்பு கேட்டுக்கொண்டே, பெயரிட வேண்டியவர்களுக்குப் பெயரிட்டுவிட்டது. ஒரு பகுதிக்கு ‘ஒப்பிடாதே’ என்று பொருள்படும் பெயர் வைத்திருக்கிறார். விமர்சகன் இதற்குக் கட்டுப்பட முடியாது. பாக்கின் பெயரைச் சொன்ன மறுகணமே ஒப்பிடும் உரிமையையும் அவர் நமக்குக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. 2017இல் தம் பாடல்களை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. பாக்கின் மேல் கை வைத்தவர் இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்டார்கள். சட்டப்படி இதில் முரண் இல்லை. பாக்கின் படைப்புகள் யாருடைய உடைமையும் அல்ல. ஒழுக்கப்படியும் நான் சொன்ன பிரிவினையை வைத்தே பார்க்கலாம். இருப்பதை அப்படியே பாடிக் கட்டணம் வாங்கும் மேடை, உபயோகத்தின் பக்கம் சேரும். அதில் பங்கு கேட்பது உழைத்தவனின் நியாயம். ஆனால் அந்தப் பிரிவினை அவரையும் கட்டும். ஒருவன் அவர் மெட்டை எடுத்து, பெயர் சொல்லி, திருகாமல் ஓடவிட்டு, அதற்கு எதிரே தன் குரலை வைத்தான் என்றால், அவனை நோட்டீஸ் கொண்டு வரவேற்க முடியாது. 1986இல் தாமே வகுத்த மரியாதை அது.

தொகுப்பின் இசை 1988இல் பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் பின்னணியாகப் பயன்பட்டது. நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தி வீடு கட்டப் படும் பாட்டைச் சொல்கிற படம். அவள் வீடு முடியாமலே நிற்கிறது. இளையராஜாவின் வீடு அப்படி நிற்கவில்லை. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனியையே வாசித்தார்கள். நான் காத்திருப்பது வேறொன்றுக்கு. நத்தம் பக்கமோ வேடசந்தூர் பக்கமோ யாரோ ஒரு பையன் அல்லது பெண், இளையராஜா என் வீட்டுக்கு வந்தார், பேசிக்கொண்டிருந்தோம் என்று பெயர் வைத்து ஒன்றைச் செய்ய வேண்டும். புகழ்வதற்கு வரிசை நீளமாக நிற்கிறது. பதில் சொல்ல இதுவரை யாரும் வந்ததாகத் தெரியவில்லை.